தஞ்சைக் கலைக்கூடம்: எல்லாச் சிலையும் ஒரே மாதிரி தெரியுதே, என்ன பார்க்கிறது?

பிப்ரவரி 3 (கேள்வி)

தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடம் அரை மணி நேரத்துல முடிஞ்சுடுது. வரிசையா நடராசர், அம்மன், பெருமாள், மறுபடி அம்மன். பத்து சிலை தாண்டினதும் எல்லாம் ஒண்ணு மாதிரியே இருக்கு. உலகத்துலயே சிறந்த செப்புச் சிலைகள் இங்கதான்னு எல்லாரும் சொல்றாங்க, ஆனா எதை வச்சுச் சொல்றாங்கன்னு யாரும் சொல்றதில்ல. மே மாசம் பிள்ளைகளோட மறுபடி போறோம். எதை, எந்த வரிசையில, எப்படிப் பார்க்கணும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பிப்ரவரி 3, இரவு

முகத்தில் தொடங்காதீர்கள். பீடத்தில் தொடங்குங்கள். முகத்தைப் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும்.

இவை அத்தனையும் உற்சவத் திருமேனிகள். கருவறையில் நிற்கும் கல் மூலவர் அசைய மாட்டார். வீதிக்கு வருவதற்கென்று வார்த்தவை இவை. அதற்கான அடையாளம் பீடத்தில் இருக்கிறது. மேலே தாமரை இதழ் கொண்ட பத்மபீடம், அதன் கீழ் சதுரமான பத்திரபீடம். பத்திரபீடத்தின் பக்கங்களில் துளையோ வளையமோ இருக்கும். கழி செருகவும் கயிறு போட்டுக் கட்டவும் அவை. பீடத்தின் மேல்தளத்தில் இரு பக்கமும் விரல் நீளத்துக்கு முளை நிற்கிறதா என்று பாருங்கள். திருவாசியை, அதாவது சாமியைச் சுற்றி நிற்கும் வளைவை, செருகும் இடம் அது. பெரும்பாலான சிலைகளுக்குத் திருவாசி தொலைந்துவிட்டது, முளை மட்டும் மிஞ்சியிருக்கிறது.

ஐந்தாறு சிலைகளுக்குப் பீடத்தை மட்டும் பார்த்துவிட்டு நிமிருங்கள். அப்புறம் ஒன்றுக்கொன்று குழம்பாது.

பிப்ரவரி 4

நேற்று எழுதியதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குந்தி உட்கார்ந்து பாருங்கள். தோளில் தூக்கிப் போகும்போது சாமியின் பாதம் நம் தலைக்கு மேலே இருக்கும். கீழிருந்து அண்ணாந்து பார்க்கிறவனுக்காக அளவெடுத்த உருவம் இது. கலைக்கூடத்தில் இடுப்பு உயர மேடையில் வைத்திருப்பதால் நேருக்கு நேர் பார்க்கிறோம், சில முகங்கள் லேசாகக் கவிழ்ந்ததுபோலத் தெரிகின்றன. தரையில் உட்கார்ந்ததும் அந்தக் கவிழ்ந்த பார்வை நம் கண்ணில் வந்து விழும். பிள்ளைகளுக்கு அந்த உயரம் தானாகவே கிடைத்துவிடுகிறது, அவர்களை முன்னால் விடுங்கள்.

பின்பக்கமும் முக்கியம். கோயிலில் பட்டும் மாலையும் சாற்றியபின் முகமும் கையும் பாதமும்தான் வெளியே தெரியும். அப்படியிருந்தும் முதுகின் பள்ளம், பின்னல், பூணூல் முடிச்சு, இடையாடையின் மடிப்பு எல்லாம் முன்பக்கத்தின் அதே அக்கறையோடு முடிக்கப்பட்டிருக்கின்றன. சுற்றி வர முடிகிற சிலை எதையும் பின்னால் போய்ப் பார்க்காமல் விடாதீர்கள். கோயிலில் அர்ச்சகர்தவிர யாருக்கும் கிடைக்காத பார்வை இது.

பிப்ரவரி 4 (வேறொருவர்)

திருவெண்காட்டு அர்த்தநாரியை விட்டுட்டீங்களே சார். தஞ்சாவூர் போனா முதல்ல அதைத்தான் பார்க்கணும்.

பிப்ரவரி 5

அர்த்தநாரி தஞ்சையில் இல்லை, எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சீர்காழிப் பக்கத்துத் திருவெண்காட்டில் கிடைத்த செப்புச் சிலைகள் சென்னைக்கும் தஞ்சைக்கும் பிரிந்துபோனதால் இந்தக் குழப்பம் அடிக்கடி வரும். தஞ்சையில் இருப்பவற்றுள் தவறவிடக் கூடாதவை: ரிஷபவாகனர் (காளையோடு நிற்கும் சிவன்), அவருடைய தேவி, கல்யாணசுந்தரர் தொகுதி (சிவன் உமையை மணக்கும் காட்சி), பிட்சாடனர் (பிச்சை ஏற்கும் சிவன்), கண்ணப்பர் (வேடராக இருந்த நாயனார்).

ரிஷபவாகனரிடம் நிதானமாக நில்லுங்கள். மற்ற செப்புத் திருமேனிகள் பலவற்றுக்குக் காலம் சொல்வது பாணியை வைத்துச் செய்யும் கணிப்பு. இதற்குக் கல்வெட்டே இருக்கிறது. முதலாம் இராசராசனின் 26ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1011இல், கோலக்கவன் என்பவர் இந்தத் திருமேனிக்குக் கொடை கொடுத்ததைத் திருவெண்காட்டுக் கோயில் கல்வெட்டு சொல்கிறது. அடுத்த ஆண்டு, 1012இல், தேவியின் திருமேனி வந்தது. பெரிய கோயில் முடிந்த அதே ஒன்றிரண்டு வருடம். அதனால் இந்த இரண்டும் மற்ற சிலைகளுக்கு அளவுகோல். இவற்றின் நகை, இடைக்கச்சு, விரல் அமைப்பை மனத்தில் ஏற்றிக்கொண்டு மற்றவற்றை இதற்கு முன்னது, பின்னது என்று ஒப்பிடலாம்.

கிட்டே போய்ப் பார்க்க வேண்டியது தலை. சடை முடியைத் தலைப்பாகைபோலச் சுற்றிக் கட்டி, நடுநடுவே பாம்பு நுழைந்து வெளியே வரும். ஒரு சுற்று மேலே, அடுத்தது அதன் அடியில் என்று ஒவ்வொரு இழையும் எங்கே போகிறது என்பதைக் கண்ணால் தொடரலாம், எங்கும் அறுந்துபோகாது. நான்கு கை கிடையாது, இரண்டே கை. ஒரு காலை மாற்றி வைத்து, ஒரு கையைக் காளைமேல் சாய்த்த நிலை. காளை இல்லை. ஆனால் அது இருந்த இடமும் அதன் உயரமும் முழங்கை மடிந்த விதத்திலேயே தெரிகிறது. உடம்பின் எடை அந்தக் கைமேல் போகிறது என்று நம்பவைக்கும் தோள் அது.

பிப்ரவரி 5, பிற்பகல்

கல்யாணசுந்தரர் பற்றித் தனியாக. சிவன், உமை, தாரை வார்க்கும் பெருமாள், உடன் திருமகள் என்று நான்கு பேர். கைப்பிடியைப் பாருங்கள். சிவனின் விரல்கள் உமையின் வலக்கையை இறுகப் பிடிக்கவில்லை, தாங்கிக்கொண்டிருக்கின்றன. உமையின் தலை ஒரு விரற்கடை தாழ்ந்திருக்கிறது, அவ்வளவுதான். வெட்கத்துக்கு அதற்குமேல் எதையும் அந்தச் சிற்பி சேர்க்கவில்லை. கால் வரை பார்வையை இறக்கினால் ஒரு முழங்கால் மெல்ல மடிந்து, உடம்பு முழுவதும் மூன்று இடத்தில் வளைகிறது. தலைக்கு ஒரு பக்கம், மார்புக்கு மறுபக்கம், இடுப்புக்கு மீண்டும் முதல் பக்கம்.

என் கணிப்பில் மொத்தக் கலைக்கூடத்திலும் முதல் இடம் இதற்குத்தான். ரிஷபவாகனர் என்று வாதிடுபவர்கள் நிறைய, அதிலும் நியாயம் இருக்கிறது.

பிப்ரவரி 7 (கேள்வி கேட்டவர்)

ரொம்ப நன்றி சார். காலம் எப்படிக் கண்டுபிடிக்கிறது? பலகையில 11ஆம் நூற்றாண்டு, 12ஆம் நூற்றாண்டுன்னு போட்டிருக்கு. எனக்கு வித்தியாசம் தெரியல.

பிப்ரவரி 7

ஐந்து இடங்களைப் பாருங்கள். எந்த ஒன்றையும் தனியாக வைத்து முடிவு செய்யக் கூடாது. பழைய பாணியைப் பின்னாளிலும் செய்திருக்கிறார்கள்.

பூணூல்: பல்லவர் பாணியிலும், அதை ஒட்டிய சில முற்சோழச் சிலைகளிலும் பூணூல் வலக் கையின்மேல் ஏறிப் போகும். பிறகு மார்பின் குறுக்காக இறங்கி இடுப்போடு நின்றுவிடுகிறது.

தலைக்குப் பின்னால் இருக்கும் சிரச்சக்கரம்: முந்தையதில் சிறியது, தலையோடு ஒட்டியிருக்கும். பிந்தையதில் பெரிதாகி, ஒரு தண்டால் தலையைவிட்டு விலகி, குஞ்சம் தொங்கும். சுவரோடு ஒட்டி வைத்த சிலையில் இது தெரியாது, பக்கவாட்டில் நின்று பார்க்க வேண்டும்.

பெருமாளின் சங்கும் சக்கரமும்: பழையவற்றில் சங்கு வெறுமையாக இருக்கும். போகப் போகச் சுடர்கள் முளைத்து, நாடாவும் சேர்ந்துகொள்கிறது.

நகை: முற்சோழர் காலத்தில் ஆரம் உடம்பில் அழுந்திக் கிடக்கும், தசை தெரியும். பின்னாளில் நகை உடம்பின்மேல் ஏற்றி வைத்ததுபோல எழுந்து நிற்கிறது.

மூக்கும் முழங்காலும்: விசயநகரக் காலத்துக்கு வந்தால் மூக்கு கூர்மையாகிறது, முழங்கால் சில்லு தனி வட்டமாகத் துருத்துகிறது. தூரத்திலிருந்தே பிடிபடுவது இதுதான். பிள்ளைகளுக்கு முதலில் முழங்காலைக் காட்டிக் கொடுங்கள்.

பிப்ரவரி 8

பலகையைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் போட்டிருக்கும் ஊர் பெரும்பாலும் சிலை கிடைத்த ஊர், வார்த்த ஊராக இருக்க வேண்டும் என்பதில்லை. வீடு கட்டக் கடைக்கால் தோண்டும்போதும், வயலை ஆழ உழும்போதும், கோயில் திருப்பணியிலும் மண்ணிலிருந்து வந்தவை இவற்றில் பல. படையெடுப்புக் காலத்தில் பாதுகாப்புக்காகப் புதைத்துவிட்டு, எடுக்க வேண்டியவர்கள் திரும்பாமல் போயிருக்கிறார்கள். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி மண்ணில் கிடைத்த பொருளை ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும். தஞ்சைக் கலைக்கூடம் 1951இல் அப்போதைய மாவட்ட ஆட்சியரின் முயற்சியில் தொடங்கியது. வயல்வெளியிலும் இடிந்த கோயில்களிலும் கேட்பாரற்றுக் கிடந்த கற்சிலைகளும் அப்படித்தான் இங்கே வந்து சேர்ந்தன.

புதைந்து கிடந்ததில் ஒரு நன்மை நடந்திருக்கிறது. தொடர்ந்து பூசையில் இருக்கும் திருமேனிக்கு அபிஷேகமும் புளி போட்டுத் தேய்ப்பதும் நடக்கும். நூற்றாண்டுக் கணக்கில் அது தொடர்ந்தால் மூக்கு மழுங்கும், கண்கோடு அழியும், பிறகு யாராவது உளியால் கண்ணைத் திரும்பக் கீறிவிடுவார்கள். மண்ணுக்குள் இருந்தவற்றுக்கு அந்தத் தேய்மானம் இல்லை. பச்சைக் களிம்பு ஏறியிருந்தாலும் சிற்பி வைத்த கோடு அப்படியே இருக்கிறது.

பிப்ரவரி 9 (வார்ப்பு வேலை தெரிந்தவர்)

மேலே எல்லாரும் பார்க்கிற பக்கத்தைச் சொல்லியாச்சு, நான் செய்யிற பக்கத்தைச் சொல்றேன். அது தெரிஞ்சா சிலையில எங்க உற்றுப் பார்க்கணும்னு புரியும்.

முதல்ல மெழுகு உரு. தேன்மெழுகோட குங்கிலியம், கொஞ்சம் கடலை எண்ணெய். குங்கிலியம் குறைஞ்சா உரு துவளும், கூடினா விரல் ஒடியும். வெயில் காலத்துக்கும் மழைக் காலத்துக்கும் பதம் மாத்தணும். உருவுக்கு மேல நைசா அரைச்ச வண்டல் மண்ணை மெல்லிசாப் பூசி நிழல்லதான் காயவைக்கணும். அவசரப்பட்டு வெயில்ல வச்சா முதல் பூச்சு வெடிக்கும். அந்த வெடிப்புக்குள்ள உலோகம் ஏறி, சிலை மேல தகடு மாதிரி நிக்கும், அப்புறம் ராவி எடுக்கணும். மேல மேல கனமான மண்ணு, கம்பிக் கட்டு. பெரிய உருன்னா கட்டு இல்லாம உலோகத்தோட பாரத்தை மண்ணு தாங்காது.

அப்புறம் வறட்டி வச்சுச் சுட்டு மெழுகை இறக்கணும். மண்ணுல ஈரம் மிஞ்சினா, கொதிக்கிற உலோகம் பட்டதும் ஆவி அடிச்சு வார்ப்பே சிதறிப்போகும். கருவு, அதாவது மெழுகு இறங்கின மண் அச்சு, சூடா இருக்கிறப்பவே குழியில வாய் மேல பார்க்க நிறுத்தி ஊத்தணும். ஆறிப்போன கருவுல ஊத்தினா விரல் நுனி வரைக்கும் உலோகம் ஓடாது. நடுவுல நிறுத்தாம ஒரே வீச்சுல ஊத்தணும். நிறுத்தினா அந்த இடத்துல கோடு விழும், பின்னால அங்கதான் விரியும்.

எடைக் கணக்கு: செம்பு மெழுகைவிட ஏறக்குறைய ஒன்பது மடங்கு கனம். 5 கிலோ மெழுகு உருன்னா 45 கிலோ உலோகம், உலோகம் உள்ள போற ஊத்துவாய்க்கும் கால்வாய்க்கும் மேல கொஞ்சம். சோழர் சிலை உள்கூடு இல்லாத கனவார்ப்பு. மூணடிச் சிலையைத் தூக்க எத்தனை ஆள் வேணும்னு அதுலயே தெரியும். ஒரு கருவுக்கு ஒரு சிலைதான். கருவை உடைச்சுத்தான் எடுக்கணும், அதனால அச்சு அசலா இன்னொண்ணு கிடையாது.

கலைக்கூடத்துல பார்க்கும்போது பின்பக்கம், பீடத்தோட அடி, அக்குள் இந்த இடங்களைப் பாருங்க. காத்து அடைச்ச குழிக்குத் துண்டு வச்சு அடைச்சது தெரியும்.

பிப்ரவரி 9, இரவு

இந்த இழையிலேயே உருப்படியான பதிவு மேலே இருப்பது. அதைப் படித்ததும் நடராசரின் விரிசடை வேறு மாதிரி தெரிகிறது. இருபக்கமும் கம்பிபோல நீளும் அத்தனை சடையின் நுனி வரைக்கும் உலோகம் குளிராமல் ஓடியிருக்க வேண்டும். காலடியில் கிடக்கும் குள்ள அசுரன் முயலகனின் முதுகில் ஊன்றிய ஒற்றைக் கால்தான் மொத்த எடையையும் வாங்குகிறது. தூக்கிய பாதத்தைக் கீழிருந்து பாருங்கள்.

பிப்ரவரி 11 (வேறொருவர்)

பஞ்சலோகம்னா தங்கம், வெள்ளி எல்லாம் சேர்ப்பாங்கல்ல? அதனாலதானே திருடறாங்க?

பிப்ரவரி 11

சோழர் சிலைகளைச் சோதித்த வரையில் முக்கால் பங்குக்கும் மேல் செம்பு, மீதியில் வெள்ளீயமும் ஈயமும் முக்கியம். தங்கமும் வெள்ளியும் இருந்தால் பெயருக்குத்தான். இவற்றைத் திருடுகிறவன் உருக்குவதற்காகத் திருடுவதில்லை, வெளிநாட்டுச் சந்தையில் கலைப்பொருளாக விற்பதற்காகத் திருடுகிறான். "உள்ளே தங்கம்" என்ற வதந்தியால் சிலைகளைச் சுரண்டிப் பார்த்துப் பாழாக்கியவர்களும் உண்டு. தயவுசெய்து இதைப் பரப்பாதீர்கள்.

பிப்ரவரி 14

நடைமுறைக் கேள்விகள் தனியாக வந்திருந்தன. சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள், காலையிலேயே போய்விடுங்கள். அரண்மனை மண்டபங்களில் இயற்கை வெளிச்சம்தான் பாதி வேலை செய்கிறது, உச்சிவெயிலில் கண்ணாடிப் பெட்டிகளில் வெளியே இருக்கும் வெளிச்சம் பிரதிபலித்துக் கண் கூசும். மே மாதம் என்றால் வெக்கையும் சேர்ந்துகொள்ளும், தண்ணீர் கையில் இருக்கட்டும். கலைக்கூடம், தர்பார் மண்டபம், சரசுவதி மகால் நூலகத்தின் காட்சியகம் எல்லாம் ஒரே வளாகம்தான், ஆனால் நிர்வாகம் வேறு, சீட்டும் விடுமுறையும் வேறு. வாசலிலேயே எந்தச் சீட்டுக்கு எந்தப் பகுதி என்று கேட்டு வாங்குங்கள்.

படம் எடுக்க அனுமதிச் சீட்டு உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஃபிளாஷ் வேண்டாம். கண்ணாடிக்குள் இருப்பதை எடுக்க, போனின் லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்து, மறு கையால் சுற்றி மறைத்துக்கொண்டால் பிரதிபலிப்பு போய்விடும். அடர்நிறச் சட்டை போட்டிருந்தால் இன்னும் நல்லது.

தொடாதீர்கள். இதைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். வியர்வையில் உப்பு இருக்கிறது. உப்பின் குளோரைடு செம்போடு சேர்ந்து, காற்றின் ஈரமும் கிடைத்தால் வெளிர்பச்சைப் பொடி பூக்கும். அந்த வினையில் உண்டாகும் அமிலம் அடுத்த அடுக்கைத் தின்னும், அது மறுபடி பொடியாகும். ஒரு புள்ளியில் தொடங்கி உள்ளே குடைந்துகொண்டே போகும் நோய் இது. வழவழப்பான கரும்பச்சைக் களிம்பு ஆபத்தில்லை, அது சிலையைக் காக்கும். உதிரும் வெளிர்பச்சைதான் ஆபத்து. எந்தச் சிலையிலாவது அப்படிக் கண்டால் அங்கிருக்கும் ஊழியரிடம் சொல்லுங்கள்.

பிப்ரவரி 15

கற்சிலைகளை யாரும் கேட்கவில்லை, வருத்தமாக இருக்கிறது. செம்புக்கு அவசரப்பட்டு ஓடுகிறவர்கள் தாராசுரத்து யானை உரித்த பெருமானைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். இரண்டாம் இராசராசன் காலத்து வேலை, 12ஆம் நூற்றாண்டு. உடம்பு முறுக்கிய வேகத்தில் இடுப்பு ஒரு பக்கம், முகம் ஒரு பக்கம். விரிந்த யானைத் தோலே பின்னணி. ஓரத்தில் பயந்து ஒதுங்கும் உமை. அதே தாராசுரத்திலிருந்து வந்த கங்காளரும் (எலும்புக்கூடு தாங்கிய சிவன்) ரிஷிபத்தினிகளும் (முனிவர்களின் மனைவியர்) அடங்கிய தொகுதியும் இங்கேதான் இருக்கிறது. பத்தினிகள் ஒவ்வொருவரின் நிலையும் வேறு வேறு. ஆடை நெகிழ்வதை உணராமல் நிற்பவள் ஒருத்தி. கருங்கல்லில் இந்த நெகிழ்வு எப்படி வந்தது என்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரே விடை, மெருகு போட்ட இடத்தையும் போடாமல் விட்ட இடத்தையும் அருகருகே வைத்திருக்கிறார்கள் என்பது. பக்கவாட்டு வெளிச்சத்தில் பாருங்கள், தெரியும்.

பிப்ரவரி 16 (கேள்வி கேட்டவர்)

பிள்ளைங்களுக்கு எட்டு வயசும் பதினொண்ணும். இரண்டரை மணி நேரம் தாங்குவாங்களா?

பிப்ரவரி 16

எல்லாவற்றையும் காட்டினால் தாங்க மாட்டார்கள். தேடும் வேலை கொடுங்கள். காணாமல்போன பொருளைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்: காளை இல்லாத ரிஷபவாகனர், திருவாசி இல்லாத முளை, சோமாஸ்கந்தரில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவே கந்தன் இருக்கிறானா இல்லையா. அந்தக் குட்டி முருகனைத் தனியாக வார்த்துப் பொருத்துவது உண்டு, அதனால் பல சோமாஸ்கந்தர்களில் கந்தன் தொலைந்துபோய் அவன் நின்ற குழி மட்டும் இருக்கும். அம்மன் சிலைகளில் ஒரு கை விரல்கள் வளையமாகக் குவிந்திருக்கும், அதில் தினமும் புதுப் பூ செருகுவார்கள். அந்த விரல் இடுக்கில் எவ்வளவு தடிமனான காம்பு நுழையும் என்று கேளுங்கள். கண்ணப்பர் காலில் செருப்பு இருக்கிறது, பிட்சாடனர் காலிலும் இருக்கிறது. இரண்டும் எப்படி வேறு என்று வரையச் சொல்லுங்கள். பேனா வேண்டாம், பென்சில் போதும்.

நடுவில் சோர்ந்தால் வளாகத்திலேயே திமிங்கல எலும்புக்கூடு இருக்கிறது, அதைக் காட்டி இளைப்பாறவிட்டுத் திரும்ப அழைத்து வாருங்கள். இரண்டாம் சரபோஜியின் வெண்பளிங்குச் சிலையையும் அப்போதே பார்த்துவிடலாம். அது ஆங்கிலேயச் சிற்பி ஃபிளாக்ஸ்மன் செய்தது. திருவெண்காட்டுத் தோளைப் பார்த்த கண்ணோடு இந்தப் பளிங்குத் தோளைப் பார்த்தால், இரண்டு மரபும் உடம்பை எவ்வளவு வேறாகப் புரிந்துகொண்டன என்பது பெரிய பிள்ளைக்குக்கூடப் பிடிபடும்.

பிப்ரவரி 18

மறுநாளும் தஞ்சையில் இருப்பீர்கள் என்றால் கும்பகோணம் சாலையில் போங்கள். சுவாமிமலையில் வார்ப்புப் பட்டறைகளும் தாராசுரத்தில் ஐராவதேசுவரர் கோயிலும் பக்கம் பக்கம். பட்டறையில் மெழுகு உருவையும், மண் பூசிக் காயவைத்த கருவையும், உடைத்தெடுத்த முரட்டு வார்ப்பையும் ஒரே இடத்தில் பார்க்கலாம். முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு போனால் நல்லது, ஊற்றும் நாளில் நெருப்பருகே குழந்தைகளை விட மாட்டார்கள். வரிசை முக்கியம்: முதலில் கலைக்கூடம், பிறகு பட்டறை. பட்டறையை முதலில் பார்த்தால் புதுச் சிலையின் பளபளப்பு கண்ணில் ஒட்டிக்கொண்டு, பழையவற்றின் களிம்பு அழுக்காகத் தெரியும்.

பிப்ரவரி 18, இரவு (வார்ப்பு வேலை தெரிந்தவர்)

பட்டறைக்குப் போனா ராவாத வார்ப்பைக் காட்டச் சொல்லுங்க. ஊத்துவாய் வெட்டின தடம் முதுகுலயும் பீடத்துலயும் இருக்கும். அதை ஒருதரம் பார்த்துட்டா, கலைக்கூடத்துல எடுத்த படத்தை வீட்டுல பெருசாக்கிப் பார்க்கிறப்ப அதே தடம் சில சிலையில தெரியும். பின்பக்கப் படம் எடுத்து வச்சுக்கங்க.